தடைக்காலத்தில் பத்து நாள் கீதை வகுப்பு: விசைப்படகு டிரைவர் ஒருவரின் மதிப்புரை

ஏப்ரல் 15 பிறந்தால் ஜூன் 14 முடிய 61 நாள் விசைப்படகுக்குக் கடல் கிடையாது. மீன் இனம் பெருகுகிற காலம். அந்த இரண்டு மாதத்தில் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்போம், பெயின்ட் அடிப்போம், மடி என்கிற இழுவை வலையைத் தைப்போம், சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்குப் போவோம். இந்தத் தடைக்காலத்தில் நான் 300 ரூபாய் கட்டி ராமேஸ்வரத்தில் பத்து நாள் கீதை வகுப்புக்குப் போனேன். போகலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, கையில் வலை பிடித்துப் பிழைப்பவர்களுக்காக.

வகுப்பை நடத்தியது வெளியூர் மடம் ஒன்று. பெயர் வேண்டாம், ஏனென்றால் குறையும் சொல்லப்போகிறேன். ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிற பழைய சத்திரத்துக் கூடம். சாயங்காலம் ஐந்தரை முதல் ஏழரை வரை. தலைப்பு, ‘அகிம்சையும் சுதர்மமும்’. சுதர்மம் என்றால் அவரவருக்கு உரிய கடமை. பாடம் எடுத்தவர் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், மதுரைப் பக்கம். எல்லாரும் அவரை ‘சாமி’ என்றுதான் கூப்பிட்டோம். நாற்பது பேர் இருந்திருப்போம். கோவிலில் தீர்த்தம் இறைத்து ஊற்றுகிறவர் ஒருவர், லாட்ஜில் வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்ற தபால்காரர், கடல் பாசி எடுக்கப் போகிற பெண்கள் மூன்று பேர், எங்கள் படகுத் துறையான ஜெட்டியிலிருந்து என்னோடு சேர்த்து நாலு பேர்.

நான் ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். போன தை அமாவாசைக்கு மறுநாள் அக்னி தீர்த்தக் கரையில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். வடக்கேயிருந்து வந்த ஒரு குடும்பம். அந்தப் பெரியம்மா என்னிடம் ஏதோ வழி கேட்டார், கூட வந்த கைடு தமிழில் சொன்னார், நான் காட்டினேன். என்ன தொழில் என்று கேட்டார். மீன்பிடி என்றேன். அந்தம்மா முகம் மாறிவிட்டது. முந்தானையை இழுத்துக்கொண்டு ஒரு எட்டு பின்னால் போய் ஏதோ சொன்னார். கைடு எனக்குச் சொல்லத் தயங்கினார். கேட்டு வாங்கினேன். “இம்புட்டுப் பெரிய தீர்த்தத்துல நின்னுக்கிட்டு தெனமும் கொலை பண்றாங்களேன்னு கேக்குறாங்கண்ணே.”

எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. நாற்பத்தொன்பது வயதில் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் போனதுதான் உறுத்தியது. திங்கள், புதன், சனி என்று வாரம் மூன்று நாள் கடலுக்குப் போகிறவன் நான். பதினேழு வயதில் ஏறியது.

முதல் இரண்டு நாள் அர்ஜுனன் வில்லைக் கீழே போட்ட கதை. சாமிக்கு நல்ல குரல். “கை நடுங்குது, காண்டீவம் நழுவுது, தோல் எரியுது” என்று அவர் சொல்லும்போது கூடத்தில் இருமல்கூட இல்லை. ஒரு விஷயத்தை அழகாகப் பிரித்துக் காட்டினார். அர்ஜுனன் கொலையே பாவம் என்று சொல்லவில்லை, அதற்கு முன்னால் எத்தனையோ பேரைக் கொன்றவன்தான். எதிரே நின்றவர்கள் தாத்தாவும் வாத்தியாரும் அண்ணன் தம்பியும் என்பதால்தான் அவனுக்குக் கை நடுங்கியது. “இது அகிம்சையா, பாசமா?” என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வர நேரமானது.

மூன்றாம் நாள் இரண்டாம் அத்தியாயம். ஆத்மா கொல்வதும் இல்லை, கொல்லப்படுவதும் இல்லை. இன்பம் துன்பம், லாபம் நட்டம், வெற்றி தோல்வி இவற்றைச் சமமாக வைத்துப் போர் செய், பாவம் அடைய மாட்டாய் என்கிற 38ஆவது சுலோகம். கேள்வி நேரத்தில் எழுந்து கேட்டேன்.

“சாமி, நான் விசைப்படகு டிரைவர். மடியில வர்றதுல நல்ல மீன் கொஞ்சம்தான். பாக்கி சங்காயம். குஞ்சும் பொடியும். கோழித் தீவனத்துக்கு அரைக்கக் கொண்டு போறாங்க. இதுவும் எனக்குச் சுதர்மமா?”

“உங்க தொழில், உங்க கடமை. பற்று வைக்காம செய்யுங்க. பாவம் ஒட்டாது.”

அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்கு அந்தப் பதில் இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்பதற்கு ஒரு சம்பவம் சொல்ல வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதம். வாடைக்காற்று. விடியக் கருக்கலில் இரண்டாவது மடி தூக்கினோம். படகின் மேல்தட்டில் அவிழ்த்துவிட்டதும் மீன் குவியலுக்கு நடுவில் ஒரு பேராமை. ஒரு ஆள் உட்காரலாம், அவ்வளவு பெரிய ஓடு. துடுப்பு தொங்கிவிட்டது. கண் பாதி மூடி, ஓரத்தில் கொழகொழவென்று நீர். செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கூட வந்த பெரியவர், என் அப்பாவோடு தொழில் செய்தவர், “தம்பி, செத்துருக்காது, தண்ணி குடிச்சுருக்கு. பின்பக்கத்தத் தூக்கி வையி, தலை கீழ இருக்கட்டும், வடியட்டும்” என்றார். பின்பக்கத்துக்கு ஒரு மிதவையை அண்டக் கொடுத்தோம். ஈரச் சாக்கை மேலே போட்டோம். வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அடுத்த மடி போடவில்லை. அப்புறம் ‘புஸ்’ என்று ஒரு மூச்சு. சைக்கிள் டயரில் காற்றைப் பிடுங்கினால் வருகிற சத்தம். படகில் இருந்த ஐந்து பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். இன்ஜினை நியூட்ரலில் போட்டு, நாலு பேர் தூக்கி, மெதுவாகச் சாய்த்து விட்டோம். பெரியவர் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அது முடிந்து திரும்பினால், தட்டில் சங்காயம் கிடக்கிறது. நகம் அளவு நண்டு, விரல் நீளக் காரல், கண் மட்டும் பெரிதாகத் தெரிகிற கணவாய்ப் பொடி. பாதி இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. ஆமையைத் தூக்கிய அதே கையால் மண்வெட்டி பிடித்து அதை அள்ளிப் பெட்டியில் போட்டேன். எனக்குப் பற்று எதுவும் இல்லை. சாமி சொன்ன மாதிரி, பற்றே இல்லாமல்தான் அள்ளினேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இதை அன்று வகுப்பில் சொல்ல வாய் வரவில்லை.

நாலாம் நாள் ஒரு அச்சடித்த தாள் கொடுத்தார்கள். ‘அஹிம்ஸா பரமோ தர்ம: தர்ம ஹிம்ஸா ததைவ ச’, மகாபாரதம் என்று கீழே போட்டிருந்தது. அகிம்சையே உயர்ந்த தர்மம், தர்மத்துக்காகச் செய்கிற ஹிம்சையும் அப்படியே. வாட்ஸ்அப்பில் ஆயிரம் தடவை பார்த்திருப்பீர்கள். ஓய்வு பெற்ற தபால்காரர் எழுந்து, “சாமி, முதல் பாதி பாரதத்துல இருக்கு. ரெண்டாம் பாதி எந்தப் பர்வத்துல?” என்று கேட்டார். சாமி பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். மறுநாள் வந்தவுடன், மைக்கைப் பிடித்ததும் முதல் வார்த்தையாக, “நேத்துக் கொடுத்த தாள்ல பின்பாதி பாரதத்துல கிடையாது. யாரோ பின்னாடி ஒட்டவச்சது. எல்லாரும் பேனாவால அடிச்சிடுங்க” என்றார். நாற்பது பேரும் அடித்தோம். தாள் அச்சடித்தது மடத்தின் தவறு. சபையில் திருத்திக்கொண்டது சாமியின் பெருந்தன்மை. இந்த வகுப்புக்கு நான் மரியாதை கொடுப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

முன்பாதி எங்கே வருகிறது என்பதையும் அன்றைக்கே சொன்னார். ஆதிபர்வத்தில் ருரு என்று ஒருவன். அவன் மணக்கவிருந்த பெண்ணைப் பாம்பு கடித்துவிட, தன் ஆயுளில் பாதியைக் கொடுத்து அவளை மீட்கிறான். ஆனால் கோபம் தீரவில்லை. கண்ணில் பட்ட பாம்பையெல்லாம் அடித்துக் கொல்கிறான். ஒருநாள் விஷமில்லாத ஒரு கிழப் பாம்பின்மேல் தடியை ஓங்கினால், அந்தப் பாம்பு பேசுகிறது. அகிம்சையே எல்லா உயிருக்கும் மேலான தர்மம் என்று அது சொல்கிறது. பிறகு அனுசாசன பர்வத்தில் அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரும் தர்மருக்கு அதையே சொல்கிறார். பத்து நாள் சேனாபதியாக நின்று எண்ண முடியாத பேரைக் கொன்றவர் வாயால் அது வருகிறது. அடிபடப் போகிறவனும், கொன்று முடித்தவனும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். இது என் யோசனை, சாமி சொன்னதல்ல.

குறள் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘தன்னுயிர் நீப்பினும் செய்யற்க தான்பிறிது இன்னுயிர் நீக்கும் வினை’ என்று கொல்லாமையில் சொன்ன அதே வள்ளுவர், செங்கோன்மையில் ‘கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்’ என்கிறார். ஒன்று துறவிக்கு, ஒன்று அரசனுக்கு என்று சாமி பிரித்தார். துறவறவியலில் வருவது 327, பொருட்பாலில் வருவது 550. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கருவாடு பிரித்துக்கொண்டிருந்தாள். “ராசா களையப் புடுங்கட்டும். ஒங்க மடியில களையும் பயிரும் ஒண்ணாத்தானே வருது?” என்றாள். நான் பேசாமல் சாப்பிட்டேன்.

ஆறாம் நாளுக்காகவே 300 ரூபாய் தகும். அன்று கீதையை மூடி வைத்துவிட்டுப் பதஞ்சலி யோக சூத்திரத்தை எடுத்தார். அகிம்சை முதலான விரதங்கள் ஜாதி, இடம், காலம், சந்தர்ப்பம் என்கிற எல்லை எதுவும் இல்லாமல் இருந்தால் அது மகாவிரதம் என்று இரண்டாம் பாதம் 31ஆவது சூத்திரம். அந்த எல்லைகள் என்னவென்று வியாசர் பெயரில் இருக்கிற பழைய உரை உதாரணம் கொடுக்கிறது. சாமி நிதானமாக ஒவ்வொன்றாகச் சொன்னார். பிழைப்பால் வருகிற எல்லை: மீன் பிடிப்பவன் மீனைத் தவிர வேறு எதையும் கொல்ல மாட்டான். இடத்தால் வருவது: ‘தீர்த்தத்தில் கொல்ல மாட்டேன்’ என்பவன். காலத்தால் வருவது: ‘சதுர்த்தசியில், புண்ணிய நாளில் கொல்ல மாட்டேன்’ என்பவன். சந்தர்ப்பம்: போரில் அல்லாமல் வேறெங்கும் கொல்லாத க்ஷத்திரியன்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் அப்பா வத்தை என்கிற சின்னப் படகில் போய் வலை போட்டவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை மூன்று நாளும் வலையைத் தொட மாட்டார். அக்னி தீர்த்தத்துக்கு நேரே எத்தனை மீன் துள்ளினாலும் அந்தத் தண்ணீரில் வலை விட மாட்டார். “அங்கன எல்லாரும் பாவம் கழுவுறாக, நாம போயி அதுல சேக்கக் கூடாது” என்பார். வீட்டில் ஒரு பூனையை, ஒரு ஓணானை அடித்துப் பார்த்ததில்லை. மீன் மட்டும்தான். யோக சூத்திரத்தைக் கண்ணாலும் பார்க்காத ஒரு மனிதர் அந்த உரையில் சொன்ன எல்லைகளுக்குள் அப்படியே வாழ்ந்து போயிருக்கிறார். எப்பேர்ப்பட்ட பழைய நூலில், உதாரணம் காட்ட அந்த முனிவருக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒரு மீனவன். நாங்கள் அந்தப் பேச்சுக்கு வெளியே நின்றவர்கள் இல்லை. முதல் வரியிலேயே இருக்கிறோம்.

ஆனால் சாமி இன்னொன்றையும் சொன்னார், அதை விழுங்கிவிட்டால் நேர்மை இல்லை. எல்லை உள்ள அகிம்சையும் அகிம்சைதான், ஆனால் அது மகாவிரதம் இல்லை, படிக்கட்டில் நிற்கிறது என்றார். நான் அதை ஒத்துக்கொண்டேன். அப்பா ஒரு படியில் நின்றார். நான் அதற்கும் ஒரு படி கீழே இறங்கி நிற்கிறேன். அவருக்கு எந்த மீனைப் பிடிக்கிறோம் என்று தெரியும், எனக்கு மடி அவிழ்த்தால்தான் தெரியும்.

தர்மவியாதன் கதையும் வந்தது. வனபர்வம். கோபப் பார்வையால் கொக்கை எரித்த கௌசிகன் என்ற பிராமணன், பிச்சைக்குப் போன வீட்டில் அந்த அம்மா புருஷனுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் வருகிறாள். முறைத்தவனிடம், நான் கொக்கு இல்லை என்கிறாள். ‘கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா’ என்று நம் பக்கத்தில் வள்ளுவர் மனைவி மேல் ஏற்றிச் சொல்கிற அதே கதை. அந்த அம்மா அவனை மிதிலைக்கு அனுப்ப, அங்கே கறிக்கடை வைத்திருக்கிற வியாதன் தர்மம் சொல்லிக் கொடுக்கிறார். ஏர் உழுபவன் மண்ணுக்குள் எத்தனை உயிரைக் கொல்கிறான், நடப்பவன் காலடியில் எத்தனை சாகிறது, கொல்லாதவன் உலகத்தில் யார் என்று கேட்கிறார். தன் தொழில் கொடியது என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். எனக்குப் பிடித்தது அதுதான், தொழிலுக்கு அவர் பூச்சு பூசவில்லை. கூடவே, தான் கொல்வதில்லை, பிறர் கொன்றதைத்தான் விற்கிறேன், தான் சாப்பிடுவதும் இல்லை என்கிறார்.

அப்போது பாசி எடுக்கிற அக்கா ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, “அவரு கொல்லல, வித்தாரு. கொன்னவன் யாரு சாமி? அவங்கதைய யாரு எழுதுனா?” என்று கேட்டார். சாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. “எழுதல தாயி” என்றார். அந்தப் பத்து நாளில் நான் கேட்ட நல்ல கேள்வியும் நல்ல பதிலும் அதுதான்.

எட்டாம் நாள் வேனில் திருப்புல்லாணி. தனியாக ஆளுக்கு 150 ரூபாய் வாங்கினார்கள், தாராளமாகக் கொடுக்கலாம். ஆதி ஜெகந்நாதப் பெருமாளைச் சேவித்துவிட்டு தர்ப்பசயன ராமர் சந்நிதி. சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை போயிருக்கிறேன், பாயசப் பிரசாதம் வாங்கியிருக்கிறேன். அன்றுதான் உட்கார்ந்து பார்த்தேன். மற்ற இடத்தில் ராமர் வில்லோடு நிற்பார். இங்கே புல்லில் படுத்திருக்கிறார். மூன்று நாள், கடலரசனிடம் வழி கேட்டு. பெண்டாட்டியைத் தூக்கிப் போனவன் அக்கரையில் இருக்கிறான், கையில் அம்பு இருக்கிறது, பின்னால் சேனை இருக்கிறது. அப்படியிருந்தும் முதலில் கேட்கிறார். பதில் வரவில்லை. நாலாவதாகத்தான் வில். அம்பைத் தொடுத்த பிறகுதான் கடலரசன் வந்து கும்பிடுகிறான். ஆனால் தொடுத்த அம்பு வீணாகக் கூடாதாம். வடக்கே துருமகுல்யம் என்கிற இடத்தில் அதை விடுகிறார், அந்த இடம் வறண்டு பாலையாகிறது என்று வால்மீகி சொல்வதைச் சாமி சொன்னார். எடுத்த அம்பு எங்கேயாவது விழுந்தே தீரும். நீதியான காரணத்துக்கு எடுத்தாலும்.

அங்கிருந்து சேதுக்கரை. கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கரையில் நின்று, நான் மடி போடுவதற்கு முன் எதையாவது, யாரையாவது ஒரு தடவை கேட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன்.

இங்கேதான் என் பெரிய குறை. வகுப்பு நடந்தது ராமேஸ்வரத்தில். இந்த ஊர் எதனால் ஊர் ஆனது? ராவணனைக் கொன்ற பாவம் போக ராமர் சிவலிங்கம் வைத்துக் கும்பிட்ட இடம். ராவணன் புலஸ்திய முனிவர் பேரன், விஸ்ரவஸ் மகன், அதனால் பிரம்மஹத்தி, அதாவது பிராமணனைக் கொன்ற பாவம். அனுமார் கைலாயத்துக்குப் போய் லிங்கம் கொண்டுவர நேரமாகிறது, சீதை மணலில் பிடித்து வைக்கிறாள், பிந்தி வந்த அனுமார் லிங்கத்துக்கு முதல் பூசை. எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு நடக்கப் பழகுவதற்கு முன் தெரிகிற கதை. சாமி இதற்குக் கொடுத்தது ஐந்து நிமிஷம். “இது வால்மீகியில் இல்லை, ஸ்காந்த புராணம் சேது மகாத்மியத்தில் வருவது” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

வால்மீகியில் இல்லாமல் இருக்கட்டும். தேவாரம் பாடியவர்கள் வந்து பாடினார்களே. அந்த நம்பிக்கையின்மேல்தான் இந்தப் பிராகாரமும் 22 தீர்த்தமும் நிற்கிறது. அதர்மம் செய்தவனைத் தர்மத்துக்காகக் கொன்றவர், கடவுள் அவதாரம், ‘நான் கடமையைத்தான் செய்தேன், எனக்கு ஒட்டாது’ என்று சொல்லிவிட்டு அயோத்திக்குப் போகவில்லை. மணலைக் குவித்து உட்கார்ந்தார். கடமை என்றாலும் கொன்றது கொன்றதுதான், அதற்குக் கணக்கு உண்டு என்பதைச் சொல்ல இதைவிடப் பெரிய இடம் எது? திருப்புல்லாணி கொல்வதற்கு முன்னால், ராமேஸ்வரம் கொன்றதற்குப் பின்னால். அகிம்சையா சுதர்மமா என்று பத்து நாள் பேசிய வகுப்பு, காலடியில் கிடந்த பதிலை மிதித்துக்கொண்டு போனது எனக்கு வருத்தம்தான்.

இதை ஒன்பதாம் நாள் எழுந்து சொல்லியே விட்டேன். ஆமை, சங்காயம், அப்பா, எல்லாவற்றையும். பேசி முடித்தபோது குரல் கம்மிவிட்டது. தீர்த்தம் ஊற்றுகிற அண்ணன் என் பக்கத்தில் இருந்தார். “முப்பது வருசமா வாளி வாளியா இறைச்சு ஊத்துறேன். கொன்னவனும் வருவான், கொல்லக் கொடுத்தவனும் வருவான். குளிர் தாங்காம எல்லாரும் ஒரே மாதிரிதான் நடுங்குறாங்க” என்றார்.

சாமி கோபப்படவில்லை. அன்று வைத்திருந்த பாடம் திலகரும் காந்தியும். மாண்டலே சிறையில் எழுதிய கீதா ரகசியத்தில் திலகர் செயலைக் கண்டார், 1930இல் குஜராத்தியில் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் காந்தி அதே 700 சுலோகத்தில் அகிம்சையைக் கண்டார் என்று வேகமாகச் சொன்னார். பாரதம் எழுதியவர் போரை உயர்த்தவில்லை, வென்றவர்களையே அழவைத்து விட்டிருக்கிறார் என்பது காந்தியின் வாதம் என்றார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்க சொன்னது இதுதான். தர்மர் ஜெயிச்ச பிறகு ராஜ்யம் வேண்டாம், காட்டுக்குப் போறேன்னு அழுதார். கிருஷ்ணர் பக்கத்துல இருந்தும் அழுகை நிக்கல. வியாசர் வந்து, பாவம் தீர அசுவமேதம் பண்ணுன்னு சொன்னார். பாவமே இல்லன்னா எதுக்கு யாகம்?” என்றார். பிறகு 18ஆம் அத்தியாயம் 48ஆவது சுலோகத்தை எடுத்தார். கூடப் பிறந்த தொழில் குற்றம் உடையதானாலும் விடாதே, நெருப்பைப் புகை மூடியிருப்பது போல எல்லாத் தொழிலையும் குற்றம் மூடியிருக்கிறது. “மூணாம் நாளே உங்களுக்கு நான் இதைச் சொல்லியிருக்கணும். பாவம் ஒட்டாதுன்னு சொன்னது அவசரம்.”

குற்றம் உடையதானாலும். அந்த ஒரு சொல் போதும். குற்றம் இல்லை என்று கிருஷ்ணரே சொல்லவில்லை. முப்பது வருஷம் இன்ஜின் புகையில் நின்றவனுக்கு அந்த உவமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. புகை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால்தான் குறைக்க வழி தேடுவோம்.

கடைசி நாள் எங்கள் ஜெட்டியில் ஒருவர், எல்லைப் பக்கம் போய் அடிபட்டு வந்தவர், “நாங்க திருப்பி அடிச்சா அது தர்ம யுத்தமா?” என்று கேட்டார். ஐந்து ஊராவது கொடு என்று கிருஷ்ணர் தூது போய்க் கேட்டு, ஊசிமுனை இடமும் தரமாட்டேன் என்ற பிறகுதான் போர் என்பதைச் சாமி நினைவுபடுத்தினார். “உங்க கையில் படகு இருக்கு, படை இல்ல. கேட்டுக்கிட்டே இருங்க, ஒத்தையாக் கேக்காதீங்க, சேந்து கேளுங்க” என்றார். கேட்டவருக்கு அது போதவில்லை, முகத்தில் தெரிந்தது. வகுப்பு முடிந்த பிறகு சாமி அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

மற்ற விவரங்கள். 300 ரூபாயில் கீதைப் புத்தகமும் தினம் சுண்டலும் சுக்குக் காப்பியும் அடக்கம். சுண்டல் நன்றாக இருந்தது. புத்தகத்தில் எழுத்து மிகப் பொடி, கண்ணாடி போட்டும் சிரமம். கூடத்தில் இரண்டு ஃபேன், ஒன்று ஓடவில்லை. கொசு உண்டு. பெண்களுக்குக் கழிப்பறை தெரு தாண்டி இருக்கிறது, இதை மடம் சரிசெய்ய வேண்டும். தரையில் உட்கார முடியாதவர்கள் முன்கூட்டியே சொன்னால் நாற்காலி போடுகிறார்கள். சமஸ்கிருதம் தெரிய வேண்டியதில்லை. பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டாம், மூன்றாம் நாளே சலித்துவிடும்.

வகுப்பு முடிந்த மறுவாரம் படகு முதலாளியிடம் போனேன். வலையின் கடைசிப் பையான கடைமடியைப் பெரிய கண்ணியில் தைத்துக் கொடுங்கள், பொடி வெளியே போகட்டும் என்றேன். சங்காயம் குறைந்தால் டீசல் காசு யார் தருவது என்று கேட்டார். என் பங்கில் குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டு மடியில் ஒன்றை மட்டும் அப்படித் தைக்கச் சம்மதித்தார். நானும் பெரியவரும் நாலு நாள் உட்கார்ந்து தைத்தோம். ஜூன் 14 ராத்திரி ஐஸ் ஏற்றும்போது அந்த மடியைத்தான் மேலே போட்டேன். முதல் பயணத்தில் சங்காயம் எட்டுப் பெட்டி வரவேண்டிய இடத்தில் மூன்று வந்தது. என் பங்கும் குறைந்தது. கொல்வதை நிறுத்தவில்லை. திங்களும் புதனும் சனியும் இப்போதும் போகிறேன். மூன்று அமாவாசைக்கும் இனிமேல் கடல் இல்லை என்று மட்டும் முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த தடைக்காலத்திலும் வகுப்பு உண்டு என்கிறார்கள். கருத்துச் சீட்டில் நான் எழுதிக் கொடுத்தது இது: முதல் நாள் பாடத்தைத் திருப்புல்லாணியில் ஆரம்பியுங்கள், கடைசி நாள் பாடத்தை ராமநாதசுவாமி கோவில் மூன்றாம் பிராகாரத்தில் வைத்து முடியுங்கள். பாசி எடுக்கிற அக்காவின் கேள்விக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.